வெயில் கொன்றதா, வீதி கொன்றதா?

புயல் அடித்தால் மரம் சாய்கிறது. வெள்ளம் வந்தால் வீடு மூழ்குகிறது. நிலம் நடுங்கினால் சுவர் இடிகிறது. இவற்றையெல்லாம் நாம் கண்ணால் காண்கிறோம், படம் பிடிக்கிறோம், நிதி திரட்டுகிறோம். ஆனால், ஓர் ஓடுகூடக் கலையாமல், ஒரு செங்கல்கூடப் பெயராமல், ஒரு மாநகரில் ஒரே வாரத்தில் எழுநூறு பேருக்கு மேல் மடிய முடியுமா? முடியும். அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரில் 1995-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவ்வாறு நடந்தது. அவர்களைக் கொன்றது கோடை வெயில்.

இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து எரிக் கிளினென்பர்க் என்னும் சமூகவியல் அறிஞர் எழுதிய ‘வெப்ப அலை’ என்னும் ஆங்கில நூலைச் சிக்காகோ பல்கலைக்கழகம் 2002-இல் வெளியிட்டது. புதிய முன்னுரையுடன் இரண்டாம் பதிப்பு 2015-இல் வந்தது. ‘ஒரு பேரிடரின் சமூகப் பிரேதப் பரிசோதனை’ என்பது நூலின் துணைத் தலைப்பின் கருத்து. இறந்தவரின் உடலை மருத்துவர் அறுத்துப் பார்ப்பதுபோல, இறப்பு நிகழ்ந்த நகரத்தை அறுத்துப் பார்க்கப் போகிறேன் என்கிறார் ஆசிரியர்.

நகரங்களில் பேரிடரைச் சமாளிக்க மக்களை ஆயத்தப்படுத்துவது எப்படி என்று பேசுவோர் இந்நூலை அடிக்கடி எடுத்துக்காட்டுகின்றனர். ஆனால் அவர்களுள் பலர் அதிலிருந்து ஒரே ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்கின்றனர்: ‘அண்டை அயலாருடன் பழகுங்கள், ஆபத்தில் பிழைப்பீர்கள்’ என்பதே அது. கேட்க இனிய பாடந்தான். ஆனால் நூல் சொல்வது இவ்வளவுதானா? சொல்வது மெய்ப்பிக்கப்பட்டதா? இவ்விரு வினாக்களையும் வாசகர்களாகிய உங்கள் முன் வைத்து, நூலை மதிப்பிட முயல்வோம்.

அந்த ஒரு வாரம்

1995 ஜூலை 13 அன்று சிக்காகோவின் மிட்வே விமான நிலையத்தில் வெப்பநிலை 106 பாரன்ஹீட் பாகையை எட்டியது; அதாவது ஏறத்தாழ 41 செல்சியஸ். ‘இதென்ன பெரிய வெயில்? எங்கள் வேலூரில் காணாததா?’ என்று நீங்கள் கேட்கலாம். அங்கே வெப்பத்துடன் ஈரப்பதமும் சேர்ந்துகொண்டது. இரண்டும் சேர்ந்து உடலுக்கு 120 பாரன்ஹீட் பாகைக்கும் மேலான வெப்பம்போல் உறைத்தது. இரவிலும் வெப்பநிலை 80 பாரன்ஹீட் பாகையை ஒட்டியே நின்றது. பகலில் சூடேறிய செங்கல் கட்டடங்கள் ஆறுவதற்கு இரவு உதவவில்லை. குளிர்நாட்டு மக்களின் உடலும் வீடும் இத்தகைய வெப்பத்துக்குப் பழகியவை அல்ல.

குளிர்சாதனப் பெட்டிகள் ஒரே நேரத்தில் ஓடியதால் மின்மாற்றிகள் பழுதாயின; ஏறத்தாழ 49,000 வீடுகளில் மின்சாரம் நின்றது. தெருவிலிருந்த தீயணைப்புக் குழாய்களை மக்கள் திறந்துவிட்டு நனைந்ததால் சில பகுதிகளில் குடிநீர்க் குழாயின் அழுத்தம் வீழ்ந்தது. ஒரு கட்டத்தில் 23 மருத்துவமனைகள், ‘இனி ஆம்புலன்ஸ் இங்கே வர வேண்டா’ என்று அறிவித்துவிட்டன. பிணவறை நிரம்பி, உடல்களை வைக்கக் குளிரூட்டிய லாரிகள் வரவழைக்கப்பட்டன. உரிமை கோர ஆளில்லாத உடல்கள் பொதுக் குழியில் அடக்கம் செய்யப்பட்டன.

இவற்றை விவரிக்கும் பக்கங்கள் நூலின் வலிமையான பகுதிகள். ஆசிரியர் கண்ணீரை வரவழைக்க முயலவில்லை. அலுவலகக் கோப்புகளையும், காவலர் எழுதிய குறிப்புகளையும், இறந்தோர் விட்டுச் சென்ற பொருள்களையும் நம்முன் அடுக்குகிறார். அதுவே போதுமானதாக இருக்கிறது.

நூல் சொல்லாமல் விட்ட அறிவியல்

ஆனால் முதற்குறையும் இங்கேயே தென்படுகிறது. வெப்பம் மனிதனை எவ்வாறு கொல்கிறது என்பதை ஆசிரியர் மிகச் சுருக்கமாகவே தொட்டுச் செல்கிறார். இது தெரியாவிட்டால், எந்த உதவி யாரை எந்நேரத்துக்குள் அடைய வேண்டும் என்பதும் தெரியாது. ஆகவே அதை இங்கே சற்று விளக்குவோம்.

நம் உடல் ஓயாமல் வெப்பத்தை உண்டாக்குகிறது. அதை வெளியேற்றாவிட்டால் உடல் சூடேறும். சுற்றுப்புறக் காற்று தோலைவிடக் குளிர்ந்திருக்கும்வரை வெப்பம் தானே வெளியேறும். காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையாகிய 35 செல்சியஸைத் தாண்டிவிட்டால், வெப்பம் எதிர்த்திசையில் பாயத் தொடங்குகிறது. அப்போது எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாதல். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாது, வழிந்து சொட்டும். சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. மூடிய அறையில் மின்விசிறி சுழன்றாலும், வியர்வை குறைந்த முதியவர்மீது அது சுடுகாற்றையே வீசுகிறது.

தோலுக்கு மிகுதியான இரத்தத்தை அனுப்ப இதயம் கடுமையாக உழைக்கிறது. முதியோர்க்கும் இதய நோயாளிகளுக்கும் இது தாங்காது. உடலின் உள்வெப்பம் 40 செல்சியஸைக் கடந்து, மூளை குழம்பி, பேச்சுத் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு எனப்படும். இனி ஒவ்வொரு நிமிடமும் உயிரின் விலை. முதலில் குளிர்விக்க வேண்டும். பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும் என்பது அவசர மருத்துவத்தின் விதி. குளிர்ந்த நீரில் அமிழ்த்துவது சிறந்தது. அது இயலாதபோது உடல் முழுதும் நீர் தெளித்து விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பனிக்கட்டி வைக்கலாம். நினைவிழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது; அது மூச்சுக்குழாயில் போய்விடும்.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. குழம்பிய மூளையுடன் இருப்பவர் தாமே தொலைபேசியை எடுத்து உதவி கேட்கமாட்டார். வேறொருவர் அவரைப் பார்த்தாக வேண்டும். தனிமை ஏன் கொல்கிறது என்பதற்கு விடை சமூகவியலில் மட்டும் இல்லை, உடலியலிலும் இருக்கிறது. இதை ஆசிரியர் எடுத்துரைத்திருந்தால் அவருடைய வாதம் இன்னும் வலுப்பெற்றிருக்கும்.

எண்ணுவதில் ஒரு சண்டை

இறந்தோர் எத்தனை பேர்? எளிய கேள்விபோல் தோன்றுகிறது. ஆனால் இதற்காக நகரில் ஒரு போரே நடந்தது. மாவட்டத்தின் தலைமை மருத்துவ ஆய்வாளர் எட்மண்ட் டோனகியூ வெப்பத்தால் இறந்தோர் தொகையை அறிவித்தபோது, மேயர் ரிச்சர்ட் டேலி அதை வெளிப்படையாகவே ஐயுற்றார். வெயில் நாளில் இறந்தவரெல்லாம் வெயிலால் இறந்தவர் ஆவரோ என்பது மேயர் தரப்பின் வாதம்.

கேள்வி முற்றிலும் அபத்தமானதன்று. மாரடைப்பால் இறந்த முதியவரின் உடலில் ‘வெயில்’ என்று முத்திரை குத்தியிருப்பதில்லை. ஆதலின் அறிவியலார் இன்னொரு வழியைக் கையாள்கின்றனர். பிற ஆண்டுகளில் அதே வாரத்தில் சராசரியாக எத்தனை பேர் இறந்தனர் என்று பார்க்கிறார்கள். அதை இவ்வாண்டுத் தொகையிலிருந்து கழிக்கிறார்கள். மிஞ்சுவது ‘மிகை இறப்பு’. ஜூலை 14 முதல் 20 வரை சிக்காகோவில் இவ்வாறு கிடைத்த எண் 739. மருத்துவ ஆய்வாளர் அலுவலகம் ஒவ்வோர் உடலாகச் சான்றளித்த எண்ணிக்கையோ ஐந்நூறை ஒட்டியே நின்றது. ஆகவே டோனகியூ கூட்டிச் சொன்னார் என்ற குற்றச்சாட்டு தவறு. உண்மை அவர் சொன்னதைவிடவும் பெரியது.

மாணவர்கள் இவ்வத்தியாயத்தை இருமுறை படிக்க வேண்டும். எண்ணிக்கை என்பது இயற்கை தானே தருவதன்று. எதை எண்ணுவது என்று மனிதர் முடிவு செய்த பின்னரே அது பிறக்கிறது. எண்ணப்படாத இறப்புக்காக எந்த நகராட்சியும் ஆம்புலன்ஸ் வாங்குவதில்லை.

இரு பேட்டைகளின் கதை

இனி நூலின் புகழ்பெற்ற பகுதிக்கு வருவோம். வடக்கு லாண்டேல், தெற்கு லாண்டேல் என்று சிக்காகோவில் அடுத்தடுத்து இரு பகுதிகள் உள்ளன. இரண்டிலும் ஏழை முதியோரின் விழுக்காடும், தனித்து வாழும் முதியோரின் விழுக்காடும் ஏறத்தாழ ஒன்றே என்கிறார் ஆசிரியர். வெயிலும் ஒன்றே. ஆனால் வடக்கில் 19 பேர் இறந்தனர். தெற்கில் 3 பேர். இலட்சம் பேருக்கு 40, 4 என்பது விகிதம்.

ஏன் இந்த வேறுபாடு? வடக்கு லாண்டேலில் வாழ்ந்தோர் பெரும்பாலும் கறுப்பினத்தார். பெரிய தொழிற்சாலைகளும் வணிக நிறுவனங்களும் அப்பகுதியைவிட்டு வெளியேறியபின், 1960-க்கும் 1990-க்கும் இடையில் பாதிக்கு மேற்பட்ட மக்களும் வெளியேறினர். கடைகள் மூடின; மனைகள் காலியாயின; வன்முறைக்கு அஞ்சி முதியோர் கதவைத் தாழிட்டு உள்ளேயே இருந்தனர். தெற்கு லாண்டேலிலோ மெக்சிக்கோவிலிருந்து குடியேறிய குடும்பங்கள் நிறைந்திருந்தன. 26-ஆம் தெருவில் கடைகளும் நடமாட்டமும் ஓயவில்லை. முதியவர் காய்கறி வாங்கவாவது வெளியே வந்தார். குளிர்ந்த கடைக்குள் சற்று நின்றார். நாலு பேர் கண்ணில் பட்டார். கொன்றது வெயில் மட்டுமன்று, வீதியுங்கூட என்பது ஆசிரியரின் முடிவு.

இவ்விடத்தில் சற்று நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வடக்கில் மக்கள் தொகை ஏறத்தாழ 47,000, தெற்கில் 81,000. இறந்தோர் மொத்தம் 22. இரு பகுதிகளிலும் ஆபத்து சமமானால் வடக்கில் 8 பேரும் தெற்கில் 14 பேரும் இறந்திருக்க வேண்டும். கிடைத்ததோ 19, 3. இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாக வருவது மிக அரிது. ஆகவே ஏதோ ஒரு காரணம் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் காரணம் எது என்பதை இந்த எண்கள் சொல்லவில்லை. 3 என்பது மிகச் சிறிய எண். அடுத்த முறை அது 6 ஆகலாம், விகிதம் இருமடங்காகிவிடும். இரண்டே இரண்டு பகுதிகளை ஒப்பிட்டு மாநகர் முழுமைக்கும் விதி வகுப்பது துணிச்சலான செயல்.

விரிசலும் மருந்தும்

இந்த விரிசலைக் கண்டவர் மிட்செல் டுனையர் என்னும் மற்றொரு சமூகவியலார். 2004-லும் 2006-லும் அவர் எழுதிய கண்டனங்களின் சாரம் இது: ஒரு பகுதியின் தன்மையை வைத்து அங்கே இறந்த தனி மனிதர் இப்படித்தான் வாழ்ந்தார் என்று கொள்ள முடியாது. பேட்டை தனிமையானது என்பதால் இறந்தவரும் தனித்திருந்தார் என்பது உறுதியா? வீடு வீடாகச் சென்று விசாரித்தாலன்றோ தெரியும்! கூட்டத்துக்குரிய உண்மையைத் தனியாளுக்கு ஏற்றும் இத்தவறு புள்ளியியலில் பெயர்பெற்ற ஒன்று. கிளினென்பர்க் 2006-இல் இதற்குக் காரமாக மறுமொழி எழுதினார்.

அதே 2006-இல் பிரௌனிங் முதலிய ஆய்வாளர், இரண்டு பகுதிகளோடு நில்லாமல் சிக்காகோவின் பல பகுதிகளை ஒப்பிட்டனர். கடைகண்ணிகள் நலிந்த பகுதிகளில் வெப்ப அலையின்போது இறப்பு மிகுந்திருந்தது. கடைத்தெரு உயிர்ப்புடன் இருந்த இடங்களில் பெரும்பாலும் பாதுகாப்பு இருந்தது. இது கிளினென்பர்க்குக்குச் சாதகமான முடிவு. ஆனால், அயலார் ஒருவரோடொருவர் எவ்வளவு பழகுகின்றனர், ஒருவரையொருவர் எவ்வளவு நம்புகின்றனர் என்பனவற்றை அளந்தபோது, அவற்றுக்கும் இறப்புக்கும் தொடர்பு தென்படவில்லை!

இதன் பொருள் என்ன? நட்பு பயனற்றது என்பதன்று. இறந்தோரையும், அதே அக்கம்பக்கத்தில் பிழைத்தோரையும் ஒப்பிட்டு 1996-இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று, தனித்து வாழ்வதும் வீட்டைவிட்டு வெளியே வராததும் ஆபத்தை மிகுவித்தன என்றும், ஓடும் குளிர்சாதனமும், வெளியே செல்ல வண்டி வசதியும், பிறரோடு தொடர்பும் ஆபத்தைக் குறைத்தன என்றும் கண்டது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குத் தோன்றுவது இது: முதியவரை வெளியே இழுப்பது அறிவுரையன்று; இறங்கி நடக்கத்தக்க தெருவும், திறந்திருக்கும் கடையும், ஏறிச் செல்லும் பேருந்துமே ஆகும். அண்டை அயலார் அன்பு வளர்வதற்கும் இவையே நிலம்.

ஆகவே ‘பழகுங்கள், பிழைப்பீர்கள்’ என்று நூலைச் சுருக்குவோர் நூலுக்கும் உண்மைக்கும் ஒருசேரத் தீங்கு செய்கின்றனர். இச்சுருக்கம் யாருக்கு வசதி என்றும் எண்ணிப் பாருங்கள். பழி முழுதும் இறந்தவர் தலையிலும் அவர் அயலார் தலையிலும் விழுகிறது; நகராட்சி தப்பித்துக்கொள்கிறது. 1995-இல் ஓர் அதிகாரி, இறந்தோர் தம்மைத் தாமே கவனித்துக்கொள்ளாதவர்கள் என்ற பொருள்படப் பேசியதும் இதே வழியில்தான்.

யாரும் மேற்கோள் காட்டாத அத்தியாயம்

நூலின் மூன்றாம் அத்தியாயமே, என் கருத்தில், மிகச் சிறந்தது. அதுவே மிகக் குறைவாகப் பேசப்படுவது. சிக்காகோவில் வெப்பக் காலத்துக்கென்று எழுதிவைத்த ஒரு திட்டம் ஏற்கெனவே இருந்தது. அது உரிய நேரத்தில் நடைமுறைக்கு வரவில்லை. ஆம்புலன்சுகள் தீயணைப்புத் துறையின் பொறுப்பில் இருந்தன. அழைப்புகள் குவிந்தபோதும் கூடுதல் வண்டிகளையும் ஆட்களையும் துறை வேளைக்கு அழைக்கவில்லை. முதியோரைக் கவனிக்கக் காவல் துறையில் தனிப்பிரிவு இருந்தும் அதை யாரும் முடுக்கிவிடவில்லை. எந்த மருத்துவமனை நிரம்பிவிட்டது, எதில் இடம் உள்ளது என்று நகர் முழுமையும் பார்த்து வழிநடத்தும் ஒரு மையக் கண் இல்லை. ஒவ்வொரு துறையும் தன் பங்குத் துன்பத்தை மட்டுமே கண்டது. முழுப் பேரிடரைப் பிணவறையே முதலில் கண்டது.

1999-இல் மீண்டும் கடும் வெப்பம் வந்தது. இம்முறை நகரம் முன்கூட்டியே எச்சரித்தது; குளிர்ந்த பொது இடங்களைத் திறந்தது; அங்கே செல்ல இலவசப் பேருந்து விட்டது; தனித்து வாழும் முதியோரைக் காவலரும் ஊழியரும் நேரில் போய்ப் பார்த்தனர். இறந்தோர் ஏறத்தாழ 110 பேர். இதைத் திட்டத்தின் வெற்றி என்று ஆசிரியர் கருதுகிறார். நாம் ஓர் அடிக்குறிப்பு சேர்க்க வேண்டும்: 1999-இன் வெப்பம் 1995 அளவுக்குக் கடுமையானதன்று. குறைந்த இறப்பில் ஒரு பங்கு இயற்கையின் கொடை. எனினும் நான்கே ஆண்டுகளில் சிக்காகோ மக்களின் நட்புணர்வு பெருகிவிடவில்லை, மாறியது நிர்வாகம். நூலின் சான்றே நூலைச் சுருக்கிச் சொல்வோர்க்கு எதிராக நிற்கிறது.

அகமதாபாத் கற்ற பாடம்

நம் நாட்டிலும் இப்பாடத்தை ஒரு நகரம் விலை கொடுத்துக் கற்றது. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பநிலை 46.8 செல்சியஸைத் தொட்டது. அம்மாதத்தின் மிகை இறப்பு 1,344 என்று பின்னர் கணக்கிட்டனர். 2013-இல் அந்நகராட்சி வெப்பச் செயல் திட்டம் ஒன்றை வகுத்தது. தெற்காசியாவில் இது முதலாவது. நிறக்குறியுடன் முன்னெச்சரிக்கை, மருத்துவர்க்கும் ஆம்புலன்ஸ் ஊழியர்க்கும் பயிற்சி, குடிநீர்ப் பந்தல் என்பன அதன் உறுப்புகள். நகராட்சி மருத்துவமனை ஒன்றில் மேல்மாடியில் இருந்த மகப்பேற்றுப் பிரிவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியதும், வெப்பத்தால் நோயுற்றுத் தீவிர சிகிச்சைக்கு வரும் பச்சிளங்குழந்தைகள் தொகை குறைந்தது. புதிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. மாடி எது என்று கவனித்ததே போதுமாயிற்று.

ஆனால் திட்டம் எழுதுவது எளிது. டெல்லியிலுள்ள கொள்கை ஆய்வு மையம் 2023-இல் இந்தியாவின் 37 வெப்பச் செயல் திட்டங்களைப் பரிசீலித்தது. பெரும்பாலானவை உள்ளூர் நிலைமையைக் கருதாதவை. எளிதில் பாதிக்கப்படுவோர் யார் என்று கண்டறியாதவை. பணமும் சட்ட வலுவும் இல்லாதவை என்பது அதன் முடிவு. சிக்காகோவின் அலமாரியில் உறங்கிய திட்டம் உங்களுக்கு நினைவு வருகிறதன்றோ?

ஆகவே இந்நூலைப் படியுங்கள். ஆங்கிலம் சற்றுக் கடினமாகத் தோன்றினால் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். படித்தபின் உங்கள் ஊரின் திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு நான்கு கேள்விகள் கேளுங்கள். தனித்து வாழும் முதியோர் யார் யார் என்ற பட்டியல் யாரிடம் இருக்கிறது? எச்சரிக்கை வந்த அன்று அவர்கள் கதவைத் தட்டப் போகிறவர் யார்? மருத்துவமனைகள் நிரம்பினால் ஆம்புலன்சுக்கு வழி சொல்வது யார்? வாரம் முடிந்தபின் மிகை இறப்பை எண்ணுவது யார்? நான்கிற்கும் ஆளின் பதவிப் பெயரைச் சொல்ல முடிந்தால் அந்த ஊர் ஆயத்தமாக இருக்கிறது. ‘எல்லாரும்’ என்று விடை வந்தால், யாரும் இல்லை என்று கொள்ளுங்கள்.

அயலாரை அறிந்து வைத்திருங்கள், நல்லதுதான். அத்துடன் உங்கள் வார்டு அலுவலகத்தையும் அறிந்து வைத்திருங்கள்.